விண்ணப்பம் போய்விட்டது, முடிவு வரவில்லை: இடையில் எதை அனுப்பலாம், எப்படி அனுப்பலாம்?

கொழும்பிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. விண்ணப்பம் போன பிறகு வரும் புதிய தகவலை எடுத்து வாசித்து எடைபோடும் வழக்கம் அங்கேதான் அதிகம். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா பற்றியும் எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பற்றியும் தேவையான அளவு பின்னால் இருக்கிறது.

அனுப்பிய விண்ணப்பத்துக்குள் திரும்பப் போய் ஏதாவது மாற்ற முடியுமா?

முடியாது. ஒரே படிவத்தால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் இணையத்தளமான கொமன் அப்பில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது அனுப்பியதுதான். அதன்பின் செயற்பாடுகள் பகுதியைத் திருத்தினால், அந்தத் திருத்தம் இனிமேல் நீங்கள் அனுப்பப்போகும் இடங்களுக்கு மட்டுமே போகும். ஏற்கெனவே போன பிரதி மாறாது. "கொமன் அப்பில் போட்டுவிட்டேன், எல்லாருக்கும் போயிருக்கும்" என்று நினைத்து இருந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

புதுத் தகவல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். விண்ணப்பம் கிடைத்த சில நாட்களில் ஒவ்வொன்றும் தன் போர்ட்டலுக்கான (உங்கள் விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்துக்கான) இணைப்பை ஈமெயிலில் அனுப்பும். அது பல தடவை ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும். முதல் வேலையாக அதைத் தேடி எடுத்து எல்லாப் போர்ட்டல்களையும் திறந்து வையுங்கள். எந்த ஆவணம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

எதை அனுப்புவது பெறுமதியானது?

ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தத் தகவல் முதலே தெரிந்திருந்தால், என் கோப்பை வாசித்தவர் வேறு விதமாக எழுதியிருப்பாரா? ஆம் என்றால் அனுப்புங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது மதிப்பெண். புதிய பரீட்சைப் பெறுபேறு, தவணைப் பரீட்சையில் தெளிவான முன்னேற்றம், எதிர்வுகூறப்பட்ட தரங்களில் (இறுதிப் பரீட்சையில் கிடைக்கும் என்று பாடசாலை எதிர்பார்க்கும் தரங்களில்) மாற்றம் ஆகியவை எப்போதும் பெறுமதியானவை. அடுத்தது, தேசிய மட்டத்திலோ அதற்கு மேலோ கிடைத்த பரிசு: கணித, விஞ்ஞான ஒலிம்பியாட்டில் இலங்கை அணிக்குத் தெரிவு, அகில இலங்கைத் தமிழ்த்தினப் போட்டியில் இடம், அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டில் பதக்கம், ஜனாதிபதி சாரணர் விருது போன்றவை. மூன்றாவது, விண்ணப்பத்தில் "செய்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிய வேலை முடிந்து ஒரு விளைவைத் தந்திருப்பது. அது பரிசாக இருக்க வேண்டியதில்லை. மலையகத்தில் ஒரு பாடசாலைக்கு நூலகம் அமைக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் அது திறக்கப்பட்டு, இத்தனை புத்தகங்களோடு இந்த நேரத்தில் இயங்குகிறது என்றால் அது நல்ல அப்டேட். நான்காவது, குடும்பத்தில் வந்த பெரிய மாற்றம்: பெற்றோரின் வேலை இழப்பு, கடும் நோய், மரணம்.

அனுப்ப வேண்டாதவை: பங்குபற்றியதற்கான சான்றிதழ்கள், ஒருநாள் சூம் பயிலரங்கு, விண்ணப்பம் போன பிறகு சேர்ந்த கழகத்தில் கிடைத்த பதவி, இன்னொரு கட்டுரை. காசு கட்டினால் பெயர் போட்டுத் தரும் "சர்வதேச ஆய்விதழ்" கட்டுரைகளைக் கட்டாயம் தவிருங்கள். விண்ணப்பங்களை வாசிப்பவர்கள் இவற்றை அடையாளம் காண்பார்கள். மற்ற உண்மையான சாதனைகள் மேலும் சந்தேகம் விழும்.

அரங்கேற்றம் ஜனவரியில் நடந்தது. அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அங்கே வாசிப்பவருக்கு அரங்கேற்றம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். எத்தனை வருடப் பயிற்சி, எத்தனை மணிநேரத் தனி நிகழ்ச்சி, நேரடிப் பக்கவாத்தியத்தோடு நடந்ததா என்பதை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும் இப்படித்தான். "கலாவித்தகர்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் சொல். பல தரங்களாக நடக்கும் பரீட்சைத் தொடரின் நிறைவில், எழுத்தும் செய்முறையும் சேர்ந்த தேர்வுக்குப் பிறகு கிடைக்கும் பட்டம் என்று எழுதினால் எடை புரியும். மூன்று மணிநேர வீடியோவையும் அழைப்பிதழின் ஸ்கானையும் அனுப்ப வேண்டாம்.

எந்த வழியால் அனுப்புவது?

அந்தப் பல்கலைக்கழகம் திறந்து வைத்த வழியால் மட்டும். முதலில் போர்ட்டலைப் பாருங்கள். பல இடங்களில் ஆவணம் ஏற்றும் பகுதியோ அப்டேட் படிவமோ இருக்கும். எம்.ஐ.ரி. பெப்ரவரி அப்டேட்டுக்கென்றே தனிப் படிவம் வைத்திருக்கிறது. இடைவருட மதிப்பெண்களையும் (பாடசாலையின் கடைசி வருடத்தின் நடுவில் கிடைக்கும் மதிப்பெண்களையும்) புதுச் செய்திகளையும் அதில்தான் போட வேண்டும். அப்படிப் படிவம் இருக்கும்போது ஈமெயில் அனுப்பினால் அது கோப்புக்குள் சேராமல் போகலாம்.

போர்ட்டலில் வழி இல்லையென்றால் அனுமதிப் பிரிவின் பொது ஈமெயிலுக்கோ, தெற்காசியாவுக்குப் பொறுப்பான அலுவலர் யாரென்று இணையத்தளத்தில் இருந்தால் அவருக்கோ எழுதலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் எழுத வேண்டாம். மூன்றாவது வழி பாடசாலை. கொமன் அப்பில் உங்களுக்கு ஆலோசகராகப் பதிவு செய்த அதிபரோ ஆசிரியரோ இடைவருட அறிக்கையைத் தன் கணக்கின் வழியே அனுப்பலாம். மதிப்பெண்கள் இந்த வழியில் போவதுதான் நல்லது. பாடசாலையே அனுப்பியது என்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சில இடங்கள் "மேலதிகமாக எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்லும். அங்கே அனுப்பாமல் இருப்பதே சரி. கலிபோர்னியா பல்கலைக்கழகத் தொகுதி சிபாரிசுக் கடிதங்களையே பொதுவாகக் கேட்பதில்லை. நீங்களாக அனுப்பினால் அவை பயன்படாது. தபாலில் எதையும் அனுப்ப வேண்டாம், எங்கேயும்.

எப்போது அனுப்பினால் வாசிப்பார்கள்?

ரெகுலர் எனப்படும் வழமையான சுற்றின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி 1 முதல் 15 வரை முடிகின்றன. ஜனவரி, பெப்ரவரியில் கோப்புகள் வாசிக்கப்படும். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை குழுக்கள் கூடும். முடிவுகள் மார்ச் இறுதியில் வரும். ஆகவே பெப்ரவரி முதல் இரண்டு வாரங்கள்தான் நல்ல காலம். மார்ச் 10க்குப் பிறகு போகும் சாதாரண அப்டேட் எதையும் மாற்றுவது அரிது. அந்த நேரத்தில் மிகப் பெரிய செய்தி மட்டும் அனுப்பத்தக்கது.

விண்ணப்பம் போன அடுத்த வாரமே அனுப்பவும் வேண்டாம். இரண்டு மூன்று விடயங்கள் சேரட்டும், ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு அப்டேட், அதிகம் போனால் இரண்டு. வாரம் ஒன்று அனுப்பும் மாணவரின் கடைசிக் கடிதத்தை யாரும் பொறுமையாக வாசிக்க மாட்டார்கள்.

கடிகாரம் பற்றி ஒரு விடயம். கொமன் அப்பின் இறுதி நேரம் இரவு 11.59, விண்ணப்பதாரி இருக்கும் இடத்து நேரப்படி. அதாவது கொழும்பு நேரம். ஆனால் பல்கலைக்கழகப் போர்ட்டலில் உள்ள படிவங்கள் அமெரிக்கக் கிழக்கு நேரத்தைச் சொல்லியிருக்கலாம். குளிர்காலத்தில் அங்கே இரவு 11.59 என்பது எங்களுக்கு மறுநாள் காலை 10.29. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பத் தளமான யூகாஸின் இறுதி நேரமான மாலை 6 மணி, ஜனவரியில் எங்களுக்கு இரவு 11.30, கோடை நேரம் நடைமுறையில் உள்ள ஒக்ரோபர் நடுவில் இரவு 10.30.

உயர்தரப் பெறுபேறு முடிவுகளுக்குப் பிறகுதானே வருகிறது? என்ன செய்வது?

கொழும்பு மாணவர்களுக்கு உண்மையான சிக்கல் இதுதான். 2023க்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு 2024 மே 31 அன்று வந்தது. 2024க்கான பரீட்சை நவம்பர் 25 தொடங்கி டிசம்பரில் முடிந்து, பெறுபேறு 2025 ஏப்ரல் 26 அன்று வந்தது. அமெரிக்க முடிவுகள் மார்ச் இறுதியில் வந்துவிடும்; பதிலளிக்கும் நாள் மே 1. ஆகவே அதே வருடத்தில் விண்ணப்பிக்கும் மாணவரின் உயர்தரப் பெறுபேறு மார்ச் முடிவுகளுக்குள் நுழையவே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரீட்சை முடிந்ததும் 13ஆம் தரம் நடைமுறையில் முடிந்துவிடுகிறது. இடைவருட மதிப்பெண் அனுப்பு என்று கொமன் அப் கேட்கும்போது அனுப்ப மதிப்பெண்ணே இருக்காது. படிவத்தை வெறுமையாக விட்டுவிடுவது பிழை. கோப்பு முழுமையடையாததாகக் காட்டும். சரியான வழி, அதிபரின் கடிதத்தலைப்பில் ஒரு பக்கம்: இலங்கையில் உயர்தரப் பரீட்சை இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை நடந்தது, பெறுபேறு ஏப்ரல் அல்லது மே மாதத்தில் எதிர்பார்க்கப்படுகிறது, அதனால் இடைவருட மதிப்பெண் என்று தனியாக ஒன்று இல்லை, 13ஆம் தரத்தின் கடைசித் தவணைப் பரீட்சையிலும் முன்னோடிப் பரீட்சையிலும் இவர் பெற்றவை இவை, வகுப்பில் இவருடைய இடம் இது. அதோடு எதிர்வுகூறப்படும் தரங்கள். இந்தக் கடிதத்தையே இடைவருட அறிக்கையின் இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பாடசாலை விடுமுறையில் அதிபரைப் பிடிப்பது கடினம். பரீட்சைக்கு முன்பே, ஒக்ரோபரில், இதைப் பேசி முடித்து வைப்பது நல்லது.

பரீட்சை இடைநடுவில் குழம்பினால் அதையும் எழுத வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் உயர்தரப் பரீட்சை நிறுத்தப்பட்டு, மிகுதிப் பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. இப்படியான காரணத்தை நீங்கள் சொல்வதைவிட அதிபர் சொல்வது வலுவானது. இரண்டு வசனம் போதும்.

பெறுபேறு கையில் இருக்கும் நிலையில் அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிப்பது பல உள்ளூர்ப் பாடத்திட்ட மாணவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. ஒரு வருடம் வீணாகிறது என்று வீட்டில் கவலைப்படுவார்கள். ஆனால் மூன்று ஏ தரம் கையில் இருக்கும் கோப்பும் எதிர்வுகூறல் மட்டும் உள்ள கோப்பும் ஒன்றல்ல.

லண்டன் ஏ/எல் செய்பவர்களுக்கு?

கால அட்டவணை சாதகமானது. கேம்பிரிட்ஜ் ஒக்ரோபர்–நவம்பர் பரீட்சையும் எடெக்ஸல் ஒக்ரோபர் பரீட்சையும் ஜனவரி நடுப்பகுதியில் பெறுபேறு தரும். அது பெப்ரவரி அப்டேட்டுக்குப் பொருந்தும். எடெக்ஸல் ஜனவரிப் பரீட்சையின் பெறுபேறு மார்ச் முதல் பகுதியில் வரும். அது விளிம்பு, நல்ல பெறுபேறு என்றால் வந்த அன்றே அனுப்புங்கள். மே–ஜூன் பெறுபேறு ஆகஸ்ட் நடுவில்தான், அது இறுதி அறிக்கைக்கு உரியது. அனுப்பும்போது பாட அலகுகளின் புள்ளிகள் தெரியும் முழுப் பெறுபேற்றுத் தாளை அனுப்புங்கள், பாடத்தின் பெயரையும் தரத்தையும் மட்டும் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம்.

அமெரிக்க அனுமதிக்கான பொதுப் பரீட்சையான எஸ்.ஏ.ரி.யின் டிசம்பர் பரீட்சை ரெகுலர் சுற்றுக்குப் பெரும்பாலும் கடைசி. மார்ச்சில் எழுதுவது பயன்படாது.

இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் குறிப்பிடலாமா?

குறிப்பிடலாம், விளக்கத்தோடு. இசட் புள்ளி என்பது ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நியம விலகலால் அளந்து எடுப்பது. சராசரி மாணவருக்குப் பூச்சியத்துக்கு அருகில் வரும். 2.1 என்று மட்டும் எழுதினால் நான்கில் 2.1 என்று வாசிக்கப்படும் ஆபத்து உண்டு, அமெரிக்கப் பாடசாலைகளின் சராசரிப் புள்ளியான ஜீ.பி.ஏ. போல. மாவட்ட நிலையை எழுதும்போது எந்தத் துறை என்பதையும் எழுதுங்கள்: பௌதிக விஞ்ஞானம், கொழும்பு மாவட்டம், இத்தனையாவது இடம்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள், 200 முதல் 300 சொற்கள். பொருள் வரியில் முழுப்பெயர், விண்ணப்ப இலக்கம், எந்த வருட அனுமதி என்பவை இருக்க வேண்டும். பெயர் விண்ணப்பத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே.

முதல் பத்தியில் நீங்கள் யார், எதற்கு விண்ணப்பித்தீர்கள், எதற்காக எழுதுகிறீர்கள் என்று இரண்டு வசனம். அடுத்த பத்தியில் தகவல், நேரடியாக: "ஜனவரி 15 அன்று வெளியான பெறுபேற்றில் கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் ஏ. விண்ணப்பத்தில் பௌதிகவியலுக்கு எதிர்வுகூறப்பட்டது பி." இப்படி எழுதினால் என்ன மாறியது என்பது உடனே தெரியும். பழையதைச் சொல்லாமல் புதியதை மட்டும் சொன்னால், வாசிப்பவர் உங்கள் கோப்பைத் திறந்து ஒப்பிட வேண்டும். அதற்கு அவருக்கு நேரமிருக்காது. மூன்றாவது பத்தி விருப்பத்துக்குரியது: இது நீங்கள் படிக்க விரும்பும் துறையோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று ஓரிரு வசனம். பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து எழுதும் பத்தி தேவையில்லை.

திகதியில் கவனம். 03/07 என்றால் அவர்களுக்கு மார்ச் 7, எங்களுக்கு 3 ஜூலை. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். இணைப்பு ஒரே பிடிஎஃப் ஆக, நிமிர்ந்த பக்கத்தில், ஒரு எம்பிக்குள் இருக்கட்டும். கூகுள் டிரைவ் இணைப்பு வேண்டாம். அனுமதி கேட்டு நிற்கும் இணைப்பை யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ உள்ள கொமியூனிகேஷன் கடைகளில் ஸ்கான் செய்தால் 200 டிபிஐ போதும் என்று சொல்லுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மூலப்பிரதியையும் சேர்த்து ஒரே கோப்பாக்குங்கள். வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதி இந்தக் கட்டத்தில் தேவையில்லை; அதற்காகப் பத்தரமுல்லைக்கு அலையாதீர்கள்.

அனுப்பிய பெறுபேறு "கிடைக்கவில்லை" என்றே போர்ட்டலில் காட்டுகிறது. ஏன்?

முதலில் பத்து வேலை நாட்கள் பொறுங்கள். ஜனவரியில் ஆவணங்கள் குவியும். பட்டியல் பின்தங்கியே இருக்கும்.

அதற்குப் பிறகும் வராவிட்டால், தமிழ் மாணவர்கள் விடயத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். தந்தை சிவகுமார், மகள் அபிராமி என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் சிவகுமார், ஏனைய பெயர் அபிராமி. பரீட்சைச் சான்றிதழில் சிவகுமார் அபிராமி, அல்லது எஸ். அபிராமி. எஸ்.ஏ.ரி. கணக்கில் அபிராமி எஸ். கொமன் அப்பில் குடும்பப் பெயர் இடத்தில் தவறுதலாக அபிராமி. நான்கும் ஒருவரே என்பது எங்களுக்குத் தெரியும். கணினிக்கு நான்கு பேர். பெறுபேறு வந்து சேர்ந்திருக்கும், ஆனால் எந்தக் கோப்போடும் ஒட்டாமல் கிடக்கும்.

அனுமதிப் பிரிவுக்கு ஒரு சிறு ஈமெயில் போதும்: விண்ணப்பத்தில் உள்ள பெயர், பெறுபேற்றில் உள்ள பெயர், பிறந்த திகதி, விண்ணப்ப இலக்கம், பரீட்சைப் பதிவிலக்கம், இரண்டும் ஒரே ஆள் என்ற ஒரு வசனம், கடவுச்சீட்டின் தகவல் பக்கம். தமிழரிடையே தந்தையின் பெயர் முன்னால் வரும் என்று ஒரு வசனம் சேர்த்தால் இனி வரும் ஆவணங்களுக்கும் உதவும். விண்ணப்பிக்க இன்னும் காலம் இருப்பவர்கள் எல்லாக் கணக்கையும் கடவுச்சீட்டின்படி ஒரே மாதிரித் திறந்தால் இந்தத் தொல்லையே வராது.

விண்ணப்பத்தில் பிழை இருப்பதை இப்போதுதான் கண்டேன்.

அது திருத்தம், அப்டேட் அல்ல. காத்திருக்காமல் உடனே அனுப்புங்கள். பிறந்த திகதி, பாடத்தின் பெயர், பிழையான தரம், செய்யாத மணிநேரக் கணக்கு போன்றவை கட்டாயம் திருத்தப்பட வேண்டும். "இன்ன பகுதியில் இப்படி இருக்கிறது, சரியானது இது" என்று மூன்று வரி. கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழைக்காக எழுத வேண்டாம்.

மதிப்பெண் குறைந்துவிட்டது. சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். கொமன் அப்பை அனுப்பும்போது, கேட்கப்பட்ட தகவலில் மாற்றம் வந்தால், ஒழுக்காற்று நடவடிக்கை உட்பட, அறிவிப்பேன் என்று உறுதி கொடுத்துத்தான் அனுப்புகிறீர்கள். பாடத்தைக் கைவிட்டது, எதிர்வுகூறல் ஏ தரத்திலிருந்து சீ தரத்துக்கு இறங்கியது, வகுப்புத்தடை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். பாடசாலையின் இறுதி அறிக்கையில் அது எப்படியும் வெளிவரும். அனுமதி கிடைத்த பிறகு வெளிவந்தால் அனுமதியே ரத்தாகலாம். காரணம், இப்போது என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். காய்ச்சல், டெங்கு என்றால் மருத்துவமனையின் குறிப்பை இணைக்கலாம். ஆசிரியரைக் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம்.

ஏர்லி எனப்படும் முன்கூட்டிய சுற்றில் முடிவு சொல்லாமல் ரெகுலர் சுற்றுக்கு ஒத்திவைத்துவிட்டார்கள். என்ன எழுதுவது?

முதலில் ஒத்திவைப்புக் கடிதத்தையும் போர்ட்டலையும் கவனமாக வாசியுங்கள். சிலர் படிவம் தருவார்கள், சிலர் இடைவருட மதிப்பெண் மட்டும் போதும் என்பார்கள், சிலர் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். எழுதலாம் என்றால், மாணவர்கள் "லோசி" என்று சொல்லும் தொடர் ஆர்வக் கடிதத்தை ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி தொடக்கத்துக்குள் ஒரு தடவை அனுப்புங்கள். டிசம்பர் நடுவில் முடிவு வந்த இரவே, மனம் உடைந்த நிலையில் எழுதி அனுப்புவது நல்லதல்ல; அந்த வாரத்தில் உங்களிடம் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது. "அனுமதி தந்தால் கட்டாயம் வருவேன்" என்பதை உண்மையென்றால் மட்டும், ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு சிபாரிசுக் கடிதம் அனுப்பலாமா?

ஏற்கெனவே எழுதியவர்கள் சொல்லாத ஒன்றை, உங்களோடு நேரில் வேலை செய்த ஒருவர் சொல்வதாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் ஏற்பதாகவும் இருந்தால் மட்டும். அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், கம்பனிப் பணிப்பாளர் ஆகியோரின் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை.

மகளுக்காக நான் ஈமெயில் அனுப்பலாமா? ஏஜென்ட் அனுப்பலாமா?

பிள்ளைதான் அனுப்ப வேண்டும், விண்ணப்பத்தில் பதிந்த ஈமெயிலிலிருந்து. நிதி உதவி ஆவணங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஏஜென்ட் தன் ஈமெயிலைக் கொடுத்து விண்ணப்பித்திருந்தால், போர்ட்டல் செய்திகள் எல்லாம் அவருக்குத்தான் போகும். இறுதித் திகதி தவறியது உங்களுக்குத் தெரியவே வராது. இன்றே ஈமெயிலையும் கடவுச்சொல்லையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவோடு இயங்கும், அமெரிக்கக் கல்வி பற்றி ஆலோசனை தரும் எடியுகேஷன்யூஎஸ்ஏ நிலையத்தில் கேட்கலாம்.

குடும்ப வருமானம் குறைந்துவிட்டது. யாருக்கு அறிவிப்பது?

நிதி உதவிப் பிரிவுக்கு. அனுமதிப் பிரிவுக்கு அல்ல. வேலை நீக்கக் கடிதம், புதிய சம்பளப் பத்திரம், வங்கிக் கூற்று ஆகியவற்றோடு, பழைய வருமானத்தையும் புதிய வருமானத்தையும் ரூபாயிலும் டொலரிலும், எந்த நாள் நாணய மாற்று விகிதம் என்பதையும் எழுதுங்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனபோது, ரூபாய்ச் சம்பளம் மாறாமலேயே பல குடும்பங்களின் டொலர்க் கணக்கு பாதியளவுக்கு இறங்கியது. இப்படியானதையும் எழுதலாம். ஆனால் விண்ணப்பத்தில் "நிதி உதவி வேண்டாம்" என்று சொன்ன வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. இது விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியாவுக்கும் இதே முறையா?

இல்லை. யூகாஸில் தனிக்கூற்றை அனுப்பிய பின் மாற்ற முடியாது. புதிய சாதனைக் கடிதங்களுக்கு அங்கே பெரிய இடமும் இல்லை. கையில் கிடைத்த புதிய பரீட்சைப் பெறுபேறு, பிழைத் திருத்தம், நோய் போன்ற விசேட காரணம் ஆகிய மூன்றையும் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். இலங்கை உயர்தரப் பெறுபேறு தானாகப் போகாது. நிபந்தனை அனுமதி பெற்றவர்கள் ஏப்ரலிலோ மேயிலோ பெறுபேறு வந்ததும் தாங்களே அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் வரை காத்திருக்கும் லண்டன் ஏ/எல் மாணவரைவிட இது மூன்று மாதம் முந்திய வசதி. வீசாவுக்கும் விடுதிக்கும் அது உதவும். விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மதிப்பெண்ணும் ஆங்கிலத் தகுதியும்தான் பேசும். அவற்றின் புதிய ஆவணங்களைப் போர்ட்டலில் ஏற்றினால் போதும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அப்டேட் அனுப்பலாமா?

சாதனை அப்டேட்டுக்கு அங்கே இடமில்லை. பெரும்பாலான பாடநெறிகளில் தெரிவு இசட் புள்ளிப்படி: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். மாறிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் தவறாமல் அறிவியுங்கள்.

அனுப்பினேன், பதிலே இல்லை. மீண்டும் அனுப்பவா?

வேண்டாம். பதில் வராதது வழக்கம். கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். போர்ட்டலில் ஏற்றியிருந்தால் ஏற்றிய திகதியோடு ஸ்கிரீன்ஷொட் ஒன்று எடுத்து வைத்திருங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் வைத்துவிட்டார்கள்.

முதலில் போர்ட்டலில் "இடத்தை வைத்திருக்க விரும்புகிறேன்" என்ற படிவத்தைக் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். அதை அனுப்பாவிட்டால் பட்டியலிலேயே இருக்க மாட்டீர்கள். அதன்பின் மே 1க்குள் அனுமதி தந்த வேறொரு பல்கலைக்கழகத்தில் முற்பணம் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு கடிதம். உயர்தரப் பெறுபேறு அந்த நேரத்தில்தான் வரும் என்பதால் உள்ளூர்ப் பாடத்திட்ட மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு. பெறுபேறு வந்த அன்றே, பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் எடுத்த பிரதியை அனுப்பி, சான்றிதழ் பின்னால் வரும் என்று எழுதுங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை, சில வேளை அதற்குப் பிறகும், அழைப்பு வரலாம். ஜூன் இறுதியில் வந்தால் மாணவர் வீசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ–20 படிவம், வெளிநாட்டு மாணவர்களைப் பதியும் அமெரிக்க அரசின் முறையான செவிஸுக்கு 350 டொலர் கட்டணம், கொள்ளுப்பிட்டியிலுள்ள தூதரகத்தில் வீசா நேர்முகம் ஆகிய எல்லாம் ஆறேழு வாரத்துக்குள் முடிய வேண்டும். ஏற்கெனவே வேறு பல்கலைக்கழகத்தின் ஐ–20 எடுத்திருந்தால், அந்த செவிஸ் பதிவை என்ன செய்வது என்று புதிய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவிடம் அழைப்பை ஏற்கும் நாளிலேயே கேளுங்கள். நிதி உதவி எவ்வளவு என்பதை எழுத்தில் பெறாமல் ஏற்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவர்களுக்கு உதவித் தொகை முன்னரே தீர்ந்திருக்கலாம், முதலில் இடம் தந்த பல்கலைக்கழகத்தில் கட்டிய முற்பணமும் பெரும்பாலும் திரும்பாது.